திறந்த கோப்புகளும் 1,024 என்ற வரம்பும்

ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது கோப்பு நேரே அதன் கைக்கு வருவதில்லை. திறக்கும் வேலையை இயங்குதளத்தின் கெர்னல் செய்துவிட்டு, நிரலுக்கு ஓர் எண்ணை மட்டும் கொடுக்கிறது. அதன்பின் "7-ஆம் எண்ணில் எழுது", "7-ஆம் எண்ணை மூடு" என்றுதான் நிரல் கெர்னலிடம் கேட்க வேண்டும். நிரலாளர்கள் ஃபைல் டிஸ்கிரிப்டர் என்று சொல்வது இந்த எண்ணைத்தான். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், அதாவது லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும், இதுவே ஏற்பாடு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி எண் வரிசை உண்டு. உள்ளீட்டுக்கு 0, வெளியீட்டுக்கு 1, பிழைச் செய்திக்கு 2 என முதல் மூன்றும் தொடக்கத்திலேயே போய்விடும். அடுத்துத் திறக்கும் கோப்புக்கு, காலியாக இருப்பவற்றில் ஆகச் சிறிய எண் கிடைக்கும். ஒரு செயல்முறை ஒரே நேரத்தில் எத்தனை எண்களை வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது 1,024.

இலங்கையின் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 1,200 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றாடம் நிறுத்த கொழுந்தின் கணக்கு ஒரே பெரிய கோப்பில் நாள் வாரியாக இருக்கிறது: திகதி, செக்ரோல் இலக்கம் (தோட்டப் பதிவேட்டில் தொழிலாளியின் எண்), கிலோ. மாத முடிவில் அதை ஆள் வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு ஆக்க வேண்டும். பைதான் படித்த ஒரு மாணவரிடம் இந்த வேலையைக் கொடுத்தால், 1,200 கோப்புகளையும் முதலிலேயே எழுதுவதற்குத் திறந்து ஒரு பட்டியலில் வைத்துக்கொள்வார். பெரிய கோப்பை வரிவரியாகப் படித்து, அந்தந்த இலக்கத்துக்கு உரிய கோப்பில் எழுதிக்கொண்டே போகலாம். யோசனையில் பிழை இல்லை. இருபது பேரின் கணக்கை வைத்துச் சோதித்தால் நிரல் சரியாகவே ஓடும். முழுக் கணக்கையும் கொடுத்தவுடன்தான் சிக்கல். முதல் மூன்று எண்கள் போக, படிக்கும் கோப்புக்கு 3-ஆம் எண். மிச்சம் 4 முதல் 1,023 வரை, அதாவது 1,020 எண்கள். 1,021-ஆவது தொழிலாளியின் கோப்பைத் திறக்கப் போகும்போது கெர்னல் மறுத்துவிடும். பிழை எண் 24, "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்ற செய்தியுடன் நிரல் நின்றுவிடும். மேக் கணினியின் முனையத்தில் தொடக்க வரம்பு 256. அங்கே அதே நிரல் 253-ஆவது ஆளிலேயே நிற்கும்.

வட்டில் எத்தனையோ கிகாபைட் இடம் காலியாக இருக்கும். நினைவகமும் தாராளமாக இருக்கும். தீர்ந்துபோனது எண் மட்டும்தான். இந்த எண்கள் கோப்புகளுக்கு மட்டும் செலவாவதும் இல்லை. இணையத்தில் இன்னொரு கணினியுடன் பேசும் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஓர் எண் வேண்டும். இரண்டு நிரல்களை இணைக்கும் பைப்புக்கு இரண்டு எண்கள். விசைப்பலகை, ஒலிக்கருவி, கோப்புறை மாற்றங்களைக் கவனிக்கும் வசதி என்று கெர்னலிடம் கேட்டு வாங்கும் பலவும் இதே வரிசையில்தான் வந்து நிற்கின்றன.

வரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. திறந்த ஒவ்வொன்றுக்கும் கெர்னல் தன் சொந்த நினைவகத்தில் ஒரு குறிப்பை வைத்திருக்க வேண்டும். கட்டுப்பாடு இல்லாவிட்டால், மூட மறந்த ஒரே நிரல் கணினி முழுவதையும் முடக்கிவிடும். 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் ஒரு செயல்முறைக்கு 20 கோப்புகள்தான். அந்தக் காலத்துக் கணினிகளின் நினைவக அளவுக்கு அதுவே தாராளம். பின்னாளில் வரம்பு இரண்டாகப் பிரிந்தது. மென் வரம்பு நடப்பில் இருப்பது. வன் வரம்பு அதற்கு மேலே உள்ள கூரை. மென் வரம்பைக் கூரை வரை உயர்த்திக்கொள்ள எந்தச் செயல்முறைக்கும் உரிமை உண்டு. கூரையை உயர்த்தத்தான் நிர்வாகியின் அதிகாரம் வேண்டும்.

நினைவகம் மலிந்த பிறகும் மென் வரம்பு 1,024-இலேயே நிற்பதற்குக் காரணம் ஒரு நூலகச் செயற்கூறு. 1983-இல் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸுடன் வந்த 'செலக்ட்', பல சாக்கெட்டுகளில் எதில் தரவு வந்திருக்கிறது என்று ஒரே கேள்வியில் அறிய உதவுவது. எந்தெந்த எண்களைக் கவனிக்க வேண்டும் என்பதை அது ஒரு பிட் வரிசையில் குறித்துக்கொள்கிறது. லினக்ஸின் சி நூலகத்தில் அந்த வரிசையின் நீளம் 1,024 பிட், அதாவது 128 பைட். நிரலைத் தொகுக்கும்போதே அந்த நீளம் உறுதியாகிவிடும். ஒரு டிஸ்கிரிப்டரின் எண் 1,030 ஆக இருந்து, சி நிரல் அதை யோசிக்காமல் செலக்டிடம் கொடுத்தால், வரிசைக்கு வெளியே, வேறு எதற்கோ உரிய நினைவகத்தில் ஒரு பிட் மாறிவிடும். நிரல் உடனே விழலாம், அல்லது வெகு நேரம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழலாம். பைதானின் நூலகம் இதை முன்கூட்டியே பார்த்து, எண் எல்லைக்கு அப்பால் இருக்கிறது என்று பிழை சொல்லிவிடும். பழைய சி நிரல்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றைக் காப்பதற்காகத்தான், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி 2018 டிசம்பரில் வன் வரம்பை 5,24,288 ஆக உயர்த்தியபோதும் மென் வரம்பை 1,024-இலேயே விட்டுவைத்தது. 'பெரிய எண் தனக்குச் சரிப்படும் என்று தெரிந்த நிரல் தானே கேட்டு உயர்த்திக்கொள்ளட்டும்' என்பது ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கேட்க வேண்டியது யார்? நிரலா, அது எழுதப்பட்ட மொழியின் நூலகமா?

மொழிகள் இதற்கு வேறுவேறு பதில் சொல்கின்றன. ஜாவாவின் ஹாட்ஸ்பாட் இயந்திரம் தொடங்கும்போதே மென் வரம்பைக் கூரை வரை உயர்த்திவிடும். நோட் ஜேஎஸ்ஸும் அப்படியே. கோ மொழி 2022 ஆகஸ்டில் வெளிவந்த 1.19-ஆம் பதிப்பில் இந்த வழிக்கு வந்தது: 'ஓஎஸ்' நூலகத்தைச் சேர்த்தாலே வரம்பு உயரும். கோ தன் சாக்கெட்டுகளுக்குச் செலக்டைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே அதற்கு ஆபத்தில்லை. ஆனால் ஒரு செயல்முறை தொடங்கிவைக்கும் குழந்தைச் செயல்முறைகளுக்கும் வரம்பு அப்படியே போகும். கோ நிரல் ஒன்று செலக்டைப் பயன்படுத்தும் பழைய சி நிரலை இயக்கினால், தான் கேட்காத உயர்ந்த வரம்பு அதன் தலையில் ஏறும். பிந்தைய பதிப்புகளில் குழந்தையை இயக்குவதற்கு முன் பழைய வரம்பை மீட்டுக்கொடுக்கும்படி கோ திருத்தப்பட்டது. பைதான் தானாக எதையும் உயர்த்துவதில்லை. 'ரிசோர்ஸ்' என்ற நூலகத்தைக் கொடுத்து, வேண்டுமானால் நீயே செய்துகொள் என்று விட்டுவிடுகிறது. மொழியின் இயந்திரம் உயர்த்துவதில் தவறில்லை. செயல்முறை முழுவதும் அதன் பொறுப்பில் இருக்கிறது. யாரோ எழுதி, யாரோ சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு நூலகம் அதைச் செய்வது சரியல்ல. எண் வரிசை செயல்முறை முழுவதற்கும் பொது. அதில் விருந்தாளியாக இருக்கும் நூலகம் வீட்டின் ஏற்பாட்டை மாற்றக் கூடாது.

புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ஆர் மொழியில் இந்த வரம்பு இன்னும் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டுகிறது. ஆர் பொதிகள் பலவற்றுக்குள் சி அல்லது ஃபோர்ட்ரானில் எழுதித் தொகுத்த நூலகம் இருக்கும். பொதியை ஏற்றும்போது அதுவும் ஏறும். ஒரே நேரத்தில் இப்படி 100 நூலகங்களைத்தான் ஏற்றலாம் என்று நெடுநாள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உயிரியல் தரவுகளை ஆராய்பவர்கள் பொதிமேல் பொதியாக ஏற்றுவதால் அந்த 100-ஐ அடிக்கடி தொட்டார்கள். 2018-இல் வந்த 3.5.0 பதிப்பு அதை 614 ஆக உயர்த்தியது. 1,024-இல் 60 விழுக்காடுதான் 614. ஏற்றிய நூலகம் ஒவ்வொன்றும் சில இயங்குதளங்களில் ஒரு டிஸ்கிரிப்டரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், மீதி 40 விழுக்காட்டைக் கோப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் ஒதுக்கி வைத்தார்கள். இயங்குதளம் அந்த அளவுக்கு இடம் கொடுக்காவிட்டால் அதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும்.

எண்களை வாங்குவதைவிடத் திருப்பிக் கொடுப்பதில்தான் மொழிகளுக்கிடையே வேறுபாடு கூடுதல். ஒரு கோப்பைத் திறந்து, படித்து, மூடாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? பரவலாகப் பயன்படும் சி-பைதான், ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூச்சியம் ஆனதும் பொருள் அழியும், கோப்பும் அந்தக் கணமே மூடப்படும். மறதிக்காரரைக் கூட அது காப்பாற்றிவிடும். அதே நிரலைப் பைபை என்ற இன்னொரு பைதானில் ஓட்டினால் நிலைமை வேறு. அங்கே கைவிட்ட பொருள்களைக் கார்பேஜ் கலெக்டர் அவ்வப்போது வந்துதான் கூட்டிப்பெருக்கும். அது வரும் வரை எண்கள் திரும்பாது. ஜாவாவிலும் இதே கதை. கார்பேஜ் கலெக்டர் நினைவகம் நிறைவதைப் பார்த்துத்தான் வேலைக்குக் கிளம்புகிறது. டிஸ்கிரிப்டர்கள் தீர்வது அதற்குத் தெரியாது. மூடாத ஆயிரம் கோப்புப் பொருள்கள் நினைவகத்தில் பிடிக்கும் இடம் மிகச் சொற்பம். ஆகவே நினைவகம் காலியாகத் தெரியும், கலெக்டர் வராது, எண்கள் தீர்ந்துபோகும். 2006-இல் பைதானுக்கு வந்த 'வித்' கூற்றும், 2011-இல் ஜாவா 7-உடன் வந்த 'ட்ரை' கூற்றின் புதிய வடிவமும் இதற்காகவே. தொகுதி முடியும் இடத்தில், பிழை நேர்ந்து வெளியேறினாலும், கோப்பு கட்டாயம் மூடப்படும்.

இந்த வசதிகள் இருந்தும் வழுக்கும் இடங்கள் உண்டு. கோ மொழியில் 'டிஃபர்' என்று எழுதிவைத்தால் மூடும் வேலை பின்னால் நடக்கும். 'பின்னால்' என்பது செயற்கூறு முடியும்போது. மடக்கின் ஒரு சுற்று முடியும்போது இல்லை. 1,200 கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் மடக்குக்குள் டிஃபரை எழுதினால், ஒவ்வொன்றும் மூடப்படுவதாகப் பார்வைக்குத் தோன்றும். உண்மையில் 1,200-உம் கடைசி வரை திறந்தே கிடக்கும். ஜாவா 8-இல் ஒரு கோப்புறையின் உள்ளடக்கத்தைத் தரும் செயற்கூறு 'ஸ்ட்ரீம்' ஒன்றைத் தருகிறது. எண்களைக் கூட்டவும் வடிகட்டவும் பயன்படும் சாதாரண ஸ்ட்ரீமைப் போலவே அது இருக்கும். அவற்றை யாரும் மூடுவதில்லை. இதை மூட வேண்டும், ஏனென்றால் உள்ளே ஒரு டிஸ்கிரிப்டர் ஒளிந்திருக்கிறது. ஒரு நூலகம் வளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அதன் வெளித்தோற்றத்திலேயே தெரிய வேண்டும். தெரியாதபோது நல்ல நிரலாளரும் ஏமாறுவார்.

இந்த வரம்பு சேவையகங்களில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க இலங்கையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சஞ்சீவ வீரவரண, போல் ஃப்ரீமேன்டில் உள்ளிட்டோர் 2005-இல் நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2, கொழும்பில் வேரூன்றி உலகெங்கும் வாடிக்கையாளர்களைக் கொண்ட திறமூல மென்பொருள் நிறுவனம். ஒரு மென்பொருளையும் இன்னொரு மென்பொருளையும் பேசவைக்கும் இடைநிலைச் சேவையகம் அதன் முதன்மையான படைப்புகளில் ஒன்று. இடைநிலையாக நிற்கும் எந்தச் சேவையகத்துக்கும் டிஸ்கிரிப்டர் செலவு இரட்டிப்பு. வாடிக்கையாளர் பக்கம் ஒரு சாக்கெட், பின்னால் உண்மையான சேவையின் பக்கம் இன்னொரு சாக்கெட். இவை போக, ஜாவாவில் எழுதப்பட்டதால், அது ஏற்றும் ஒவ்வொரு ஜார் கோப்புக்கும் ஓர் எண். பதிவேட்டுக் கோப்புகளுக்கும் தரவுத்தள இணைப்புகளுக்கும் தனியே எண்கள். 1,024-ஐ வைத்துக்கொண்டு ஐந்நூறு பேருக்குக் கூட ஒரே நேரத்தில் வழி விட முடியாது.

அதனால்தான் அந்நிறுவனத்தின் நிறுவல் வழிகாட்டிகள் லினக்ஸின் வரம்புக் கோப்பில் மென் வரம்பை 4,096 ஆகவும் வன் வரம்பை 65,535 ஆகவும், கணினி முழுவதற்குமான உச்சத்தை 20,97,152 ஆகவும் அமைக்கச் சொல்லி வந்திருக்கின்றன. ஹாட்ஸ்பாட் தானே கூரை வரை உயர்ந்துவிடும் என்பதால், இங்கே உண்மையில் வேலை செய்யும் எண் 65,535. கூரையைத் தொட ஜாவாவால் முடியும். கூரையைத் தூக்க முடியாது. அந்த வேலை நிர்வாகிக்கு உரியது. இதில் பலரை அலைக்கழிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த வரம்புக் கோப்பு, உள்நுழையும் பயனர்களுக்கு மட்டுமே பொருந்தும். சேவையகத்தைச் சிஸ்டம்டி தொடங்கினால் அது அந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை. சேவைக்கு உரிய அமைப்புக் கோப்பில் தனியாக வரம்பு எழுத வேண்டும்.

அதே நிறுவனத்தில் பிறந்த பாலரினா, இலங்கையில் உருவாகி உலகுக்குப் போன நிரல்மொழி. 2017-இல் அறிமுகமாகி, 2019 செப்டம்பரில் 1.0 பதிப்பைக் கண்டது. இணையச் சேவைகளை இணைப்பதற்கென்றே ஆக்கப்பட்டது என்பதால் சாக்கெட்டுகள் அதன் அன்றாடச் சாப்பாடு. அதன் எச்டிடிபி நூலகம், பயன்படுத்திய இணைப்பை மூடிவிடாமல் ஒரு தொகுப்பில் வைத்திருந்து அடுத்த அழைப்புக்குக் கொடுக்கும். சும்மா இருக்கும் இணைப்புகள் 100 வரை தங்கலாம் என்பது அதன் இயல்பு அமைப்பு. வேலையில் இருக்கும் இணைப்புகளுக்கான இயல்பு மதிப்போ –1, அதாவது வரம்பில்லை. நூலகம் வரம்பில்லை என்று சொன்னாலும் கெர்னல் ஒப்புக்கொள்ளாது. பின்னால் இருக்கும் சேவை மெதுவாகி, பதில் வராத இணைப்புகள் குவியும்போது, நூலகத்தின் உண்மையான உச்சம் இயங்குதளத்தின் டிஸ்கிரிப்டர் வரம்புதான். அதைத் தொடும்போது தடைபடுவது மெதுவான சேவைக்கான அழைப்புகள் மட்டும் இல்லை. அந்தச் செயல்முறையில் புதிதாக எதையும் திறக்க முடியாது. ஆகவே அங்கே ஒரு நிலையான எண்ணைக் கொடுப்பதே நல்லது. அப்போது எண் தீரும்போது அந்த அழைப்புகள் மட்டும் வரிசையில் காத்திருக்கும். பாலரினாவின் மூலநிரல் அப்பாச்சி உரிமத்தில் திறந்து கிடக்கிறது. டிக்கோயாவில் இருக்கும் மாணவரும் இந்தத் தொகுப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம்.

வரம்பைத் தொட்ட செயல்முறை பெரும்பாலும் உண்மையான காரணத்தைச் சொல்லாது. ஓர் இணைய முகவரியைத் தேட, பெயர் நூலகம் முதலில் கணினியில் உள்ள சில அமைப்புக் கோப்புகளைத் திறக்க வேண்டும். எண் இல்லாததால் திறக்க முடியாது. "அப்படி ஒரு முகவரி இல்லை" என்ற பொருளில் ஒரு பிழை வரும். நிர்வாகி வலையமைப்பைக் குடைந்துகொண்டிருப்பார். நடந்ததைப் பதிவேட்டில் எழுதலாம் என்றால், புதிய பதிவேட்டுக் கோப்பைத் திறக்கவும் எண் இல்லை. மறையாக்க நூலகங்களுக்கு இது இன்னும் கடுமையான சிக்கலாக இருந்தது. ஊகிக்க முடியாத எண்களைப் பெற அவை ஒரு சாதனக் கோப்பைத் திறந்தாக வேண்டும். தாக்க விரும்புபவர் வேண்டுமென்றே இணைப்புகளைப் பெருக்கி எண்களைத் தீர்த்துவிட்டால், அந்தக் கோப்பைத் திறக்க முடியாமல் போகும். 2014-இல் ஓப்பன்பிஎஸ்டியும், அதே ஆண்டு அக்டோபரில் வந்த லினக்ஸ் 3.17-உம், எந்தக் கோப்பையும் திறக்காமலே அத்தகைய எண்களைக் கெர்னலிடம் நேரே கேட்கும் வழியைக் கொடுத்தன. டிஸ்கிரிப்டர் தீர்ந்துபோவது பாதுகாப்புப் பிரச்சினை என்பதைக் கெர்னல் எழுதுபவர்களே ஏற்றுக்கொண்ட மாற்றம் அது.

வந்து நிற்கும் இணைப்பை ஏற்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. எண் இல்லாததால் ஏற்க முடியாது. ஏற்காததால் இணைப்பு வரிசையிலேயே நிற்கும். "இணைப்பு வந்திருக்கிறது" என்று கெர்னல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நிரல் ஒரு வேலையும் செய்யாமல் செயலியை முழு வேகத்தில் சுழற்றும். நோட் ஜேஎஸ்ஸுக்கு அடித்தளமான லிப்யூவி நூலகம் இதற்கு அழகான ஓர் உபாயம் வைத்திருக்கிறது. எதற்கும் பயன்படாத ஒரு டிஸ்கிரிப்டரை முதலிலேயே திறந்து ஒதுக்கிவைக்கும். நெருக்கடி வந்ததும் அதை மூடி, கிடைத்த எண்ணில் இணைப்பை ஏற்று, உடனே துண்டிக்கும். எதிர்முனையில் இருப்பவருக்குக் காரணம் தெரியாத காத்திருப்பு மிஞ்சாது. அதன்பின் ஒதுக்கீட்டை மறுபடி திறந்துகொள்ளும்.

வரம்பை மிக உயரத்தில் வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் சரிவரவில்லை. குழந்தைச் செயல்முறையை இயக்கும் முன் தேவையற்ற எண்களையெல்லாம் மூடிவிடுவது பழைய வழக்கம். எது திறந்திருக்கிறது என்று அறிய எளிய வழி இல்லாததால், நூலகங்கள் 3-இலிருந்து வரம்பு வரை எண்ணி ஒவ்வொன்றையும் மூடச் சொல்லும். பைதான் 2-இன் குழந்தைச் செயல்முறை நூலகமும் அப்படித்தான் செய்தது. 1,024 முறை என்றால் கண்ணிமைக்கும் நேரம். டாக்கர் போன்ற கொள்கலன்களில் வரம்பு சில நேரம் 100 கோடியைத் தாண்டி அமைந்தது. அங்கே ஒரு சின்ன நிரலைத் தொடங்குவதற்கே நிமிடக் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. 2020-இல் லினக்ஸ் 5.9, ஒரு வீச்சில் உள்ள எல்லா எண்களையும் ஒரே அழைப்பில் மூடும் வசதியைத் தந்தது. பைதான் அதற்கு முன்பே, 2014-இல் வந்த 3.4-ஆம் பதிப்பிலிருந்து, தான் திறக்கும் டிஸ்கிரிப்டர்கள் குழந்தைக்குப் போகாதபடி குறியிட்டுவிடுகிறது.

தோட்டக் கணக்கைப் பிரிக்கும் நிரலுக்கு வரம்பை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. 1,200 பேருக்கு 31 நாள் என்றால் அதிகம் போனால் 37,200 வரிகள். வரிக்கு 50 பைட் என்று வைத்தாலும் இரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கும். முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி, செக்ரோல் இலக்கப்படி அடுக்கி, ஒருவரின் கோப்பைத் திறந்து எழுதி மூடிவிட்டு அடுத்தவருக்குப் போனால், எந்த நேரத்திலும் ஒரு டிஸ்கிரிப்டருக்கு மேல் கூடுதலாகச் செலவாகாது. நினைவகத்தில் அடங்காத அளவு தரவு இருந்தால், குறிப்பிட்ட எண்ணிக்கைக் கோப்புகளை மட்டும் திறந்து வைத்து, நெடுநேரம் தொடாத ஒன்றை மூடிப் புதியதற்கு இடம் கொடுக்கலாம். மூடியது மறுபடி தேவைப்படும்போது இறுதியில் சேர்க்கும் முறையில் திறந்துகொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் நெடுங்காலமாக இதைத்தான் செய்கிறது. அதன் ஒவ்வொரு செயல்முறையும் இயல்பு அமைப்பில் 1,000 கோப்புகள் வரைதான் உண்மையில் திறந்து வைத்திருக்கும். அதற்கு மேல் உள்ளவற்றைத் திறந்திருப்பது போலவே மற்றப் பகுதிகளுக்குக் காட்டி, தேவைப்படும்போது திறந்து, இடம் வேண்டும்போது நெடுநேரம் தொடாததை மூடி, எண்களைச் சுழற்சியில் வைத்துக்கொள்கிறது.